பெற்றோர் நீங்கலாக

கன்னியப்பனுக்கு அதட்டுகிற ஆளைக் கண்டு பயம் கிடையாது. கடலோரப் போலீஸ் அதட்டும், ஏலக்காரன் அதட்டுவான், வீட்டில் பெண்டாட்டி கலையரசி அதட்டுவாள். அதட்டுகிறவன் வயிற்றில் இருப்பது வாய்க்கு வந்துவிடும், அதோடு சரி. ‘வாங்க சார், உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா’ என்று எவனாவது ஆரம்பித்தால்தான் அவன் கைலியை இறுக்கிக் கட்டிக்கொள்வான். புயல் நிவாரணம் தருகிறோம் என்று அப்படித்தான் இனிக்க இனிக்கப் பேசி ரேஷன் கார்டை வாங்கிக்கொண்டு போனார்கள். கார்டு திரும்பி வந்தபோது அவன் குடும்பத்தில் முன்பின் தெரியாத ஒரு கிழவர் சேர்ந்திருந்தார். அவரை நீக்க இன்னும் அலைந்துகொண்டிருக்கிறான்.

மழலை நல மன்றத்தில் அவனை ஒரே நேரத்தில் மூன்று பேர் ‘உக்காருங்க சார்’ என்றார்கள். அவன் கைலியை இரண்டு தடவை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

நடந்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வீராம்பட்டினத்தில் படகு கரையேறியதும் பெண்கள் வலையிலிருந்து மீன் பொறுக்க உட்காருவார்கள். இரண்டு கையும் மீனில் இருக்கும். இடுப்பை விட்டு இறங்கிய பிள்ளை கடலைப் பார்த்து ஓடும். அதனால் பிள்ளையின் இடுப்பில் பழைய புடவைத் துணியைச் சுற்றி, அதில் ஒரு கயிற்றைக் கோத்து, படகோடு கட்டிவிடுவார்கள். பிள்ளை படகு நிழலில் மண் அளைந்து விளையாடும். என்றைக்கு அலையைக் கண்டு அது தானாகப் பின்வாங்குகிறதோ, அன்றைக்குக் கயிற்றை அவிழ்த்துவிட்டு அக்கம்பக்கத்துக்குச் சர்க்கரை கொடுப்பார்கள். கன்னியப்பன் அப்படிக் கட்டப்பட்டு வளர்ந்தவன்தான். அவன் அக்கா தில்லையம்மாளும் அப்படித்தான். அந்தக் கரையில் உயிரோடு இருக்கிற எல்லாருமே அப்படித்தான்.

கன்னியப்பன் மகள் அபிக்கு இரண்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியூரிலிருந்து கடல் பார்க்க வந்த அம்மாள் ஒருத்தி அவளைப் படம் பிடித்துக்கொண்டு போனாள். மத்தியானம் அது ‘கயிற்றில் கட்டப்பட்ட குழந்தை’ என்று எல்லார் போனிலும் சுற்றியது. சாயந்திரம் கயிறு சங்கிலி ஆகியிருந்தது. படத்தில் கலையரசி கூடையை வைத்துக்கொண்டு யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்ததால், மறுநாள் காலையில் குழந்தையை விற்க நின்றாள் என்று ஆகிவிட்டது. கன்னியப்பன் கடலுக்குள் இருந்தபோது வெள்ளை வண்டி ஒன்று வந்தது. மன்ற உறுப்பினர் சிவசங்கரி இறங்கி, “ஒரு செக்கப்புக்குத்தாம்மா” என்று கலையரசியின் தோளைத் தட்டிக்கொடுத்து, அபிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது உப்பளத்தில், வெள்ளைக்காரன் கட்டிய மஞ்சள் வீட்டின் மாடியில், புருஷனும் பெண்டாட்டியும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே நடுவில் மன்றத் தலைவர் ஜானகிராமன். விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பக்கம் சிவசங்கரி. இன்னொரு பக்கம் ஆலோசகர் வினோத்குமார். அவர் அதிகம் பேசமாட்டார். பார்ப்பார், எழுதுவார்.

“சார், நாங்க இன்னா தப்பு பண்ணோம்னு சொல்லிடுங்க. கட்டுனது தப்புன்னா கால்ல விழறேன். இனிமே கட்டல” என்றான் கன்னியப்பன்.

ஜானகிராமன் சிரித்தார். “முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும் கன்னியப்பன். இது கோர்ட் இல்ல. இங்க யாரும் குற்றவாளி கிடையாது. உங்க மேல எந்தக் குற்றச்சாட்டும் இல்ல.”

“அப்ப புள்ளையக் குடுத்துடுங்க சார்.”

“அதுதான் சிக்கல். குற்றச்சாட்டு இருந்திருந்தா நீங்க மறுக்கலாம், சாட்சி கொண்டாரலாம், நிரபராதின்னு ஆகி குழந்தையைக் கூட்டிட்டுப் போயிடலாம். குற்றச்சாட்டே இல்லாததால அதுக்கு வழி இல்லாமப் போச்சு. உங்களுக்கு அந்தச் சிரமம் வேணாம்னுதான் சட்டத்தையே இப்படிப் பண்ணியிருக்காங்க.”

கலையரசி பத்தாவது வரைக்கும் படித்தவள். அவளுக்குப் பேசத் தெரியும். “எங்களைப் பத்தி ஏதோ அறிக்கை எழுதியிருக்கீங்களாமே சார். அதையாவது காட்டுங்க.”

“அது ரகசியம்மா” என்றாள் சிவசங்கரி. “குழந்தையோட அந்தரங்கம் அதுல இருக்கு.”

“எங்க புள்ளைக்கு எங்ககிட்ட இன்னா மேடம் அந்தரங்கம்? அதுக்கு நான்தானே கால் கழுவுறேன்.”

“அபிக்குப் பதினெட்டு வயசு ஆனதும் அவங்களே வந்து கேட்டா தருவோம்.”

“அந்த வீடியோ? அதை ஊரே பாத்துட்டுது.”

“ஊர் பாக்கலாம்மா. நீங்க சம்பந்தப்பட்டவங்க.”

கலையரசிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வினோத்குமார் குனிந்து எழுதினார்.

“இன்னா சார் எழுதுறீங்க?” என்றான் கன்னியப்பன்.

“ஒண்ணும் இல்ல சார். நீங்க இயல்பா இருங்க.”

என்ன எழுதினார் என்பது அடுத்த அமர்வுக்குப் போனபோது தெரிந்தது. சிவசங்கரியே மனசு கேட்காமல் மாடிப்படியில் வைத்துச் சொன்னாள்: தாய்க்கு உணர்ச்சிக் கட்டுப்பாடு இல்லை. அப்படிப்பட்டவளிடம் குழந்தையைக் கொடுக்க முடியாது. சரி என்று கலையரசி அந்த அமர்வில் பல்லைக் கடித்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தாள். அதற்கு வந்த குறிப்பு: பிரிவு தாயைப் பாதித்ததாகத் தெரியவில்லை.

அன்று சாயந்திரம் வீட்டில் இதுதான் பேச்சு.

“அழுவுறதுக்குன்னு அவனுங்க ஒரு அளவு வெச்சிருப்பானுங்கடி” என்றாள் தில்லையம்மாள். “ஒரு கண்ணுல மட்டும் அழுது பாரேன்.”

“நீ வந்து அழுது காட்டு அண்ணி.”

“நான் வந்தா என் மவன் வூட்டுப் புள்ளைங்களையும் சேத்துத் தூக்கிட்டுப் போறதுக்கா? போடி.”

அவள் சும்மா சொல்லவில்லை. வெள்ளை வண்டி வந்த நாளிலிருந்து அந்தக் கரையில் ஒருத்தியும் பிள்ளையைக் கட்டவில்லை. கயிறுகளை எல்லாம் பரண்மேல் போட்டுவிட்டார்கள். அந்த வாரமே பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் அலையில் உருண்டு போனான். யாரோ காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். கரையில் கட்டப்பட்ட குழந்தை ஒன்றுகூட இப்போது இல்லை என்று மன்றத்தின் ஆண்டு விழாவில் கைதட்டினார்களாம்.

ஏழைகளுக்கு மன்றமே இலவசமாக ஒரு வக்கீல் கொடுத்தது. பெயர் தமிழ்மாறன். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தான். கீழே டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

“உள்ள வந்து நீயே சொல்லு தம்பி” என்றான் கன்னியப்பன்.

“உள்ள நான் வரமாட்டேன் அண்ணே. வக்கீலோட வர்ற அப்பா மோதல் போக்கு உள்ளவருன்னு எழுதிடுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் நான் டீக்கடையிலயே இருக்கேன்.”

“அப்பீல் கிப்பீல் ஏதாவது?”

தமிழ்மாறன் போனைத் தேய்த்து மன்றத்தின் விதியைக் கண்டுபிடித்து வாசித்தான். “‘மன்றத்தின் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும், பெற்றோர் நீங்கலாக, மேல்முறையீடு செய்யலாம்.’ தெளிவாத்தான் போட்டிருக்காங்க.”

“பெத்தவனை வுட்டா வேற எவனுக்குப் பாதிப்பு?”

“அது எனக்கும் சந்தேகம்தான் அண்ணே” என்று அவன் டீக்குக் காசு கொடுக்கப் போனான். கடைசியில் காசைக் கன்னியப்பன்தான் கொடுத்தான். இலவசம் என்றால் எங்கேயாவது ஒரு இடத்தில் கை நீளும் என்று அவனுக்குத் தெரியும்.

பிரெஞ்சு வெள்ளைக்காரன் காலத்தில் முனிசிபாலிட்டியை மேரி என்று சொல்வார்கள். அங்கே போய், இது என் பிள்ளை என்று தகப்பன் ஒரு வார்த்தை சொல்லிப் பதிந்துவிட்டால் கவர்னர் வந்தாலும் மாற்ற முடியாது என்று அவன் தாத்தா சொல்லுவார். அவர் எல்லாவற்றையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார். ஆனாலும் கன்னியப்பனுக்கு அந்த வெள்ளைக்காரன்மேல் முதன்முதலாக ஒரு மரியாதை வந்தது.

வீட்டைப் பார்வையிட வந்தவரும் வினோத்குமார்தான். அடுப்பு, கேஸ் சிலிண்டர், கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார்.

“வீட்டுக்குப் பக்கத்துல திறந்த நிலையில நீர்நிலை ஏதாவது இருக்கா?”

கன்னியப்பன் அவர் முகத்தைப் பார்த்தான். கிண்டல் செய்கிற மாதிரித் தெரியவில்லை. “கடல் இருக்குது சார்.”

“ஆழம்?”

“எதுவரைக்கும் சார்?”

வினோத்குமார் அதையும் எழுதினார். “எத்தனை நாளா இருக்கு?”

“நான் பொறக்கும்போதே இருந்துது.”

“தெரிஞ்சே இருந்திருக்கீங்க” என்று அவர் வருத்தமாகத் தலையாட்டினார். மூடி போட வேண்டும், அல்லது சுற்றிலும் வேலி அமைக்க வேண்டும், இரண்டில் எது முடியுமோ அதை அடுத்த ஆய்வுக்குள் செய்யச் சொல்லிவிட்டுப் போனார். தில்லையம்மாள் வாசலில் நின்று, “அந்தாண்ட கரைக்காரன் பாதி காசு குடுப்பானான்னு கேளுடா” என்றாள்.

அபியை ஊருக்கு மேற்கே, உழவர்கரைப் பக்கம் ஒரு காப்பகத்தில் வைத்திருந்தார்கள். முதல் தடவை பார்க்க விட்டபோது அவள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றாள். பிரித்து எடுத்தபோது அவள் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டது. பெற்றோர் சந்திப்பு குழந்தைக்கு வேதனை தருகிறது என்று எழுதி, சந்திப்பை நிறுத்திவைத்தார்கள். பல மாதம் கழித்து அடுத்த தடவை விட்டபோது அபி கூச்சல் போடவில்லை. வெள்ளை சாக்ஸ் போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார்கள். கையைக் கூப்பி, “வணக்கம் சார், வணக்கம் மேடம்” என்றாள். பார்க்க வருகிற பெரிய மனிதர்களுக்கெல்லாம் அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கலையரசி அவள் கையைப் பிடித்தாள். அபி மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

நல்ல முன்னேற்றம் என்று ஒரு குறிப்பும், பெற்றோருடன் பிணைப்பு காணப்படவில்லை என்று இன்னொரு குறிப்பும் வந்தன.

கடைசியாக ஒரே ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். பொறுப்பான பெற்றோர் பயிற்சி. அதில் தேறினால் யோசிப்பார்கள். மன்றத்தின் கூடத்தில் ஒரு மேஜை போட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பொம்மை, பக்கத்தில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர். பொம்மையைக் குளிப்பாட்டித் துடைத்துச் சட்டை போட வேண்டும். கலையரசி ஒரு குறை இல்லாமல் செய்தாள். கன்னியப்பன் முறை வந்தது. அவனும் நன்றாகத்தான் செய்தான். பொம்மையின் தலைக்கு உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினான், கண்ணில் சோப்பு படாமல் பார்த்துக்கொண்டான். சிவசங்கரிகூடப் பாராட்டுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கிற துணி கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது. கன்னியப்பன் பொம்மையை மேஜையில் வைத்தான். தண்ணீரைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, பொம்மையின் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, மேஜைக் காலோடு ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுத் துணி எடுக்கப் போனான்.

பாதி வழியில் அவனுக்கே உறைத்தது. திரும்பிப் பார்த்தான். கலையரசி தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

“கை பழக்கம் சார்” என்றான்.

“தெரியுது” என்றார் வினோத்குமார்.

தீர்ப்பு சொல்லும் நாளில், இது தீர்ப்பு அல்ல என்று ஆரம்பித்து ஜானகிராமன் வெகுநேரம் பேசினார்.

“நாப்பது வருஷம் உயிரினங்களைப் பத்திப் பாடம் நடத்தினவன் நான். மீனையே எடுத்துக்கங்க. ஆயிரக்கணக்குல முட்டை போட்டுட்டுப் போயிடுது. திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. குஞ்சுங்க எவ்வளவு கட்டுப்பாடா வளருது. பெத்தவங்க பக்கத்துல இருந்துதான் வளக்கணும்கிறது ஒரு பழக்கம், அவ்வளவுதான்.”

அந்தக் குஞ்சுகளில் முக்கால்வாசியை வேறு மீன் தின்றுவிடும் என்று சொல்லக் கன்னியப்பன் வாயெடுத்தான். வினோத்குமார் பேனா மூடியைத் திறந்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

“பெருமைக்காகச் சொல்லல” என்று தலைவர் தொடர்ந்தார். “இந்த மன்றம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து, எங்க பொறுப்புல இருக்கிற ஒரு குழந்தைக்காவது பெற்றோரால தீங்கு வந்ததுன்னு ஒரு புகார் கிடையாது. ஏன்? பெற்றோரை நாங்க உள்ளயே விடறதில்ல. உங்களுக்கும் நியாயமா எல்லா வாய்ப்பும் கொடுத்தோம். நீங்க பேசினப்ப கேட்டோம். ஒரு தடவையாவது உங்களை நிறுத்தச் சொன்னோமா? கேக்கணும்னுதான் சட்டத்துல இருக்கு. கேட்டதை மனசுல வெச்சுக்கணும்னு எங்கயும் இல்ல.”

அபி இனி மன்றத்தின் குழந்தை என்றும், தகுதியான வளர்ப்புக் குடும்பம் கிடைத்தால் அங்கே அனுப்பப்படுவாள் என்றும் அறிவித்தார். ஏன் என்று கேட்டான் கன்னியப்பன். அது அறிக்கையில் இருக்கிறது என்றார்கள்.

எழுந்து வந்து மாடிப்படி இறங்கும்போது கலையரசி நின்றுவிட்டாள். சுவரில் ஒரு பெரிய படம். சிரிக்கிற குழந்தை, கீழே, ‘உங்கள் இல்லத்தில் ஒரு மழலைக்கு இடம் உண்டா? வளர்ப்புப் பெற்றோர் ஆவீர்.’ அந்தப் படத்தைத் தாண்டி அவர்கள் எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கிறார்கள். கலையரசி அதை ஒருமுறை வாசித்தாள். அப்புறம் விறுவிறுவென்று மேலே ஏறினாள்.

“மேடம், இதுக்கு யார் வேணா கேக்கலாமா?”

“இந்தியக் குடிமக்கள் யார் வேணாலும்” என்றாள் சிவசங்கரி.

“நாங்க?”

சிவசங்கரி யோசித்தாள். விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். தலைவரிடம் காட்டினாள். அவரும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “தடை இல்ல” என்றார். “பெற்றோரா நீங்க தகுதி இல்லாதவங்க. விண்ணப்பதாரரா நீங்க தகுதி இல்லாதவங்கன்னு யாரும் இதுவரைக்கும் சொல்லல.”

“யோவ், கையெழுத்துப் போடு” என்றாள் கலையரசி.

கன்னியப்பன் தயங்கினான். இதில் என்ன கொக்கி என்று அவனுக்குப் புரியவில்லை. புரியாததில் அவன் ஒருநாளும் கை வைத்ததில்லை. ஆனால் கலையரசி பார்த்த பார்வையில் போட்டுவிட்டான்.

அன்றிலிருந்து உலகமே மாறிவிட்டது. விண்ணப்பதாரருக்கு மெத்தை வைத்த நாற்காலி. விண்ணப்பதாரருக்கு டீயும் பிஸ்கட்டும். அவர்களைப் பற்றி எழுதிய ஒவ்வொரு வரியையும் அவர்களிடமே காட்டி, இது சரியா என்று கேட்டார்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருவோம், கலெக்டரிடம் நீங்கள் அப்பீல் போகலாம் என்றார்கள். தமிழ்மாறன் முதல்முறையாக மாடி ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு இடத்தில் ஆட்சேபிக்கிறேன் என்றுகூடச் சொன்னான். வினோத்குமார் மறுபடியும் வீட்டைப் பார்க்க வந்தார். கொல்லைப்பக்கம் நின்று மூச்சை இழுத்துவிட்டார். “நல்ல கடல்காத்து. குழந்தை நுரையீரலுக்கு ரொம்ப நல்லது” என்று எழுதிக்கொண்டார்.

“வேலி இன்னும் போடல சார்” என்றான் கன்னியப்பன்.

“அது அந்தப் பெற்றோருக்குச் சொன்னது சார். உங்களுக்கு எதுக்கு?”

அபியை ஒப்படைக்கிற நாளில் ஜானகிராமனே எழுந்து நின்று கை கொடுத்தார். ஒரு உறுதிமொழியைச் சிவசங்கரி வாசிக்க அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். சத்தான உணவு கொடுப்போம். தடுப்பூசி தவறமாட்டோம். குழந்தையைப் பெற்றவர்களோ அவர்களைச் சேர்ந்தவர்களோ குழந்தையை அணுக அனுமதிக்கமாட்டோம். அப்படி யாராவது முயன்றால் உடனே மன்றத்துக்குத் தகவல் கொடுப்போம்.

கன்னியப்பன் நிறுத்தினான். “அது நாங்கதானே சார்.”

“அதனாலதான் நீங்க மத்தவங்களைவிட ரொம்ப எச்சரிக்கையா இருக்கணும்” என்றார் ஜானகிராமன். “அவங்க எந்த நேரமும் வீட்டுக்குள்ளயே இருக்க வாய்ப்பிருக்கு. குழந்தைகிட்ட அம்மா அப்பான்னு உறவு கொண்டாடிக்கிட்டு வருவாங்க. அசந்துடாதீங்க. நாங்க சொல்லாம கொள்ளாம வந்து பாப்போம். நாங்கன்னு தெரியாத ஆளுங்களும் வருவாங்க. ஒரு புகார் வந்தா குழந்தையைத் திரும்ப எடுத்துக்குவோம். அப்புறம் உங்க பேர்ல இனிமே விண்ணப்பம் வாங்கமாட்டோம்.”

கலையரசி கணவனின் முழங்கையை இடித்தாள். கன்னியப்பன் உறுதிமொழியை முழுதாகச் சொன்னான். பெற்றவனை வீட்டுக்குள் விடமாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னான். எல்லாரும் கைதட்டினார்கள். வினோத்குமார் எதையும் எழுதாமல் சிரித்தார்.

கீழே ஒரு ஆட்டோ பிடித்தார்கள். அபி நடுவில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. பேச்சு சுத்தமாக வந்திருந்தது. கலையரசி அவள் தலைமுடியைத் தொட்டாள், கையை எடுத்துக்கொண்டாள், மறுபடியும் தொட்டாள். அரியாங்குப்பம் பாலத்தில் ஏறும்போது ஆற்று வாடை அடித்தது. அபி மூக்கைச் சுளித்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஆளை மேலும் கீழும் பார்த்தாள்.

“அங்கிள், உங்களுக்குப் பாப்பா இருக்கா?”

கலையரசி வேகமாக அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தாள். அவனும் சொல்லத்தான் வாயைத் திறந்தான். முன்னால் கண்ணாடியில் ஆட்டோக்காரன் கண் தெரிந்தது. சும்மா பார்க்கிற கண்ணா, அனுப்பி வைத்த கண்ணா என்று கன்னியப்பனால் நிதானிக்க முடியவில்லை. பாலம் முடிகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்லம்மா” என்றான், முன்சீட்டுக்குக் கேட்கிற மாதிரி.